வடகடலில் ஒரு குடும்ப உலா

பள்ளி விடுமுறை நாள்களில் மெர்சிங் படகுத்துறையில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்கு, குடும்பங்கள் கடலேறும் காட்சி கண்ணுக்கு விருந்தாகும். தியோமான் தீவுக்கும் ராவா, பெசார் முதலிய தீவுகளுக்கும் செல்வோர் குழந்தைகளையும் கூடைகளையும் சுமந்துகொண்டு ஓதம் ஏறக் காத்திருப்பர். ஆற்று முகத்தில் நீர் போதிய அளவு உயர்ந்தாலன்றிப் படகு புறப்படாது. நவம்பர் பிறந்துவிட்டாலோ துறை வெறிச்சோடிவிடும். சைபீரியப் பெருநிலத்தின்மேல் திரண்ட குளிர்க்காற்று தென்சீனக் கடலைக் கடந்து வந்து எங்கள் கரையில் மோதும் காலம் அது. வடதுருவத்துக் குளிரைப் பற்றி மெர்சிங் மக்களாகிய நாங்கள் அறிந்ததெல்லாம், அது எங்கள் கடலுக்கு ஆண்டுதோறும் மூன்று மாதம் பூட்டுப் போடுகிறது என்பது ஒன்றே.

அப்பூட்டுக் காலத்தில் ஒரு நாள், என்னிடம் ஆறாண்டு பயின்று இன்று சிங்கப்பூரில் பொறியாளராகப் பணியாற்றும் மாணவி ஒருத்தி, பெற்றோருடன் என்னைக் காண வந்தாள். கணவனும் இரு குழந்தைகளும் தாய் தந்தையருமாக அவர்கள் அலாஸ்காவுக்குச் சொகுசுக் கப்பலில் சென்று திரும்பியிருந்தனர். அவளுடைய தாயார் என் காலத்துத் தோட்டத்தில் விடியுமுன் விளக்குக் கட்டிப் பால்மரம் சீவியவர். "வாத்தியாரையா, பனிக்கட்டி மலை ஒன்று எங்கள் கண்ணெதிரே இடி இடித்தாற்போல் முறிந்து கடலில் விழுந்தது. நான் முருகா என்று கத்திவிட்டேன், பக்கத்திலிருந்த வெள்ளைக்காரியும் ஏதோ கத்தினாள், அவளுடைய சாமி பெயராகத்தான் இருக்கும்" என்றார் அந்த அம்மையார். பள்ளிக்கென அவர்கள் ஒரு நினைவுப் பொருள் கொண்டு வந்திருந்தனர். கழுகும் கரடியும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்த ஒரு சாண் உயரத் தூண் அது. அதன் அடிப்புறத்தில், அது அலாஸ்காவில் அன்றி வேறெங்கோ ஆலையில் செய்யப்பட்டது என்று சிறு தாள் ஒட்டப்பட்டிருந்தது. அன்புடன் தந்ததாகலின் மகிழ்வுடன் பெற்று அலுவலக மேசைமேல் வைத்தேன். மறுநாளே மாணவர்கள் அதனைச் சூழ்ந்துகொண்டு, இது எந்நாட்டுச் சாமி என்று வினவத் தொடங்கினர். அவ்வினாவுக்கு விடை கூறும் பொருட்டு யான் நூல்களைப் புரட்டியதன் விளைவே இக்கட்டுரை.

நம்மவரின் நினைவில் கப்பற்பயணம் என்பது உலா அன்று. 1926ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல், சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நம் முன்னோரை ஏற்றி வந்தது. மேல்தளத்தில் பாய் விரித்து, தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வாந்தியும் வெயிலுமாக ஒரு வாரம் கழித்தவர்கள் நம் பாட்டனாரும் பாட்டியாரும். கடலின் அழகை அவர்கள் கண்டனரா என்று யான் என் பாட்டியாரை ஒருமுறை கேட்டதுண்டு. "கரை தெரிகிறதா என்று பார்த்தோம், கடலை யார் பார்த்தார்கள்?" என்றார் அவர். மெர்சிங்குக்கு எதிரேயுள்ள தெங்ஙா தீவில் 1970களின் பிற்பகுதியில் வியட்நாமிலிருந்து சிறு படகுகளில் தப்பி வந்த குடும்பங்கள் தங்க வைக்கப்பட்டிருந்தன. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் குளிர்ந்த மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த ஈழத் தமிழர் 155 பேரை மீன்பிடிப் படகினர் கண்டு காப்பாற்றினர். வடகடற் குளிரைத் தமிழர் பெருந்தொகையாகச் சந்தித்த நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்று. ஆதலின், குளிர்நாட்டுக் கடலை இன்பத்துக்காகவே குடும்பத்துடன் சுற்றிப் பார்க்கும் வழக்கம் எப்போது, எவரால் தோன்றியது என்று அறிய விரும்பினேன்.

அலாஸ்கா நிலப்பரப்பை உருசியப் பேரரசு 1867இல் 72 இலட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. அந்நிலத்தில் தொன்றுதொட்டு வாழ்ந்த திலிங்கிட் முதலிய குடிமக்களை விற்றவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. அதன் தென்கிழக்குக் கரையோரம் எண்ணற்ற தீவுகள் அரண்போல் நிற்பதால், அவற்றுக்கிடையே பெருங்கடலின் அலைக்கொந்தளிப்பின்றிக் கப்பல்கள் செல்லத்தக்க ஓர் உள்வழி அமைந்துள்ளது. இருபுறமும் கேதுரு மரக்காடுகள். அவற்றின் பின்னே வெண்பனி மலைகள். மலைகளுக்கிடையே நத்தை வேகத்தில் நகர்ந்து கடலில் இறங்கும் பனிப்பாறை ஆறுகள். 1879இல் ஜான் மியூர் என்னும் இயற்கை ஆய்வாளர், திலிங்கிட் படகோட்டிகளின் துணையுடன் பனிப்பாறை விரிகுடாவைச் சென்று கண்டு எழுதினார். 1794இல் வான்கூவர் என்னும் கப்பற்தலைவரின் குழுவினர் அவ்வழியே வந்தபோது விரிகுடா என்றே ஒன்று இல்லை. வாயில் வரையில் பனிச்சுவரே நின்றது. மியூர் வந்தபோது அப்பனி அறுபது கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கி, கடல் உள்ளே புகுந்திருந்தது. 1883இல் 'ஐடஹோ' என்னும் நீராவிக் கப்பல் பயணிகளுடன் அவ்விரிகுடாவில் நுழைந்தது. அதில் பயணம் செய்த எலைசா சிட்மோர் என்னும் பெண்மணி 1885இல் வெளியிட்ட நூலைக் கண்டு, கோடைதோறும் மக்கள் கப்பலேறத் தொடங்கினர்.

இவ்வுலாக்கள் யாவற்றினும் புகழ் பெற்றது 1899ஆம் ஆண்டில் நடந்த ஒரு குடும்பத்தின் பயணம். எட்வர்டு ஹாரிமன் அந்நாளில் அமெரிக்காவின் பெரும் இருப்புப்பாதை நிறுவனமொன்றைத் தம் கைக்குள் வைத்திருந்த செல்வர். ஓயாத உழைப்பினால் உடல் தளர்ந்த அவரை, நீண்ட ஓய்வு கொள்ளுமாறு மருத்துவர் பணித்தார். ஓய்வு என்றால் நாமெல்லாம் சாய்வுநாற்காலியை எண்ணுவோம். அவரோ ஒரு கப்பலையே அமர்த்திக்கொண்டு, மனைவியையும் மூன்று புதல்வியரையும் இரு புதல்வரையும் அழைத்துக்கொண்டு அலாஸ்காவுக்குப் புறப்பட்டார். அத்துடன் நில்லாமல், அமெரிக்காவின் தலைசிறந்த பனிப்பாறை வல்லுநர், தாவர நூலார், பறவை நூலார், ஓவியர், ஒளிப்படக் கலைஞர் ஆகியோரையும் விருந்தினராக ஏற்றிக்கொண்டார். மியூரும், அவரையொத்த புகழ் படைத்த எழுத்தாளரான ஜான் பரோசும், பின்னாளில் வட அமெரிக்கப் பழங்குடி மக்களைப் பற்றி இருபது தொகுதிகள் வெளியிட்ட ஒளிப்படக் கலைஞர் எட்வர்டு கர்ட்டிசும் அக்கூட்டத்தில் இருந்தனர்.

'ஜார்ஜ் டபிள்யூ. எல்டர்' என்னும் அக்கப்பல் 1899 மே 31ஆம் நாள் சியாட்டல் துறையிலிருந்து 126 பேருடன் நங்கூரம் எடுத்தது. கப்பலுக்குள் நூலகம் இருந்தது, இசைக்கருவிகள் இருந்தன, புதிதாக வந்த ஒலிப்பதிவுப் பெட்டி இருந்தது. உணவுக்குக் காளைகளும் ஆடுகளும் கோழிகளும், குழந்தைகளின் பாலுக்கு ஒரு கறவை மாடும், வேட்டைக்குச் சுமை இழுக்கக் குதிரைகளும் ஏற்றப்பட்டிருந்தன. நோவாவின் பேழையைப் பற்றிப் படித்திருக்கிறோம்; அதற்கு அடுத்த பேழை இதுவே போலும்! மாலைதோறும் அறிஞர்கள் சொற்பொழிவு ஆற்றினர். ஹாரிமனின் ஏழு வயது மகன் ஆவரலும் மூன்று வயது மகன் ரோலண்டும் மேல்தளத்தில் ஓடி விளையாடினர். குடும்பத்தின் நடுவே கல்வியையும் கொண்டு போய் வைத்த அச்செயலை, ஆசிரியனாகிய யான் பாராட்டாதிருக்க இயலாது. பயணத்தின் முடிவில் வெளிவந்த ஆய்வுத் தொகுதிகள் பல இன்றும் பயன்படுகின்றன.

இரண்டு மாதம், ஏறத்தாழ 9,000 மைல். ஸ்காக்வே என்னும் ஊரில் இறங்கிப் பொன்வேட்டைக்காரர்களுக்கெனப் புதிதாகப் போடப்பட்ட மலை இரயிலில் ஏறினர். பனிப்பாறை விரிகுடாவில் பல நாள் தங்கினர். ஓர்க்கா என்னுமிடத்தில், மீனைத் தகரத்தில் அடைக்கும் ஆலையில் சீனத் தொழிலாளர் குருதியும் செதிளுமாக நின்று உழைப்பதைக் கண்டனர். தோட்டத்தில் பிறந்தவன் அந்தப் பகுதியைப் படிக்கும்போது சற்றே நிற்பான். எந்த நாட்டுச் செல்வத்தின் கீழும் கடல் தாண்டி வந்த கூலியின் முதுகு இருக்கிறது. பின்னர், வரைபடத்தில் இல்லாத ஒரு குறுகிய நீர்வழியைப் பனிச்சுவரொன்றின் ஓரத்தில் கண்டபோது, வழிகாட்டி தயங்கவும், பொறுப்பைத் தாமே ஏற்று ஹாரிமன் கப்பலை உள்ளே செலுத்தச் செய்தார். அங்கே ஒரு புதிய விரிகுடாவே மறைந்திருந்தது. அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அடுத்த நீர்ப்பரப்பில் கண்ட பனிப்பாறைகளுக்கு ஹார்வர்டு, யேல் என்று தம் நாட்டுக் கல்லூரிகளின் பெயர்களைச் சூட்டினர்.

ஹாரிமனுக்குக் கோடியாக்குத் தீவின் பெருங்கரடியைச் சுட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஜூலைத் தொடக்கத்தில் அது நிறைவேறியது. ஒரு தாய்க்கரடியும் அதன் குட்டியும் வீழ்ந்தன. மியூர் அதனை விரும்பவில்லை. ஹாரிமனின் மனைவியாருக்குச் சைபீரிய மண்ணில் கால் பதிக்க வேண்டும் என்னும் ஆவல் எழவே, கப்பல் பெரிங் கடலைக் கடந்து பிளோவர் விரிகுடா வரையில் சென்றது. அன்று அங்கே இறங்கிய சிறுவன் ஆவரல், பிற்காலத்தில் இரண்டாம் உலகப் போரின்போது மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக விளங்கினார். பரோசுக்கோ கடல் ஒத்துக்கொள்ளவில்லை. வழியில் ஒரு தீவில் மூட்டையுடன் இறங்கித் தங்கிவிட முயன்றவரை நண்பர்கள் திருப்பி அழைத்து வந்தனர். அவரை எண்ணும்போதெல்லாம் எனக்கு ரஜூலாவின் மேல்தளம் நினைவுக்கு வருகிறது. கடலுக்கு முதல் வகுப்பும் மேல்தளமும் ஒன்றுதான்.

இதுவரை கூறியது இனிய உலா. இனிக் கூறப்போவது 1899 ஜூலை 26ஆம் நாள் நடந்தது. மேசைமேல் நிற்கும் தூணைச் சுட்டி என் மாணவர் கேட்ட வினாவுக்கு விடை அந்நாளில்தான் உள்ளது.

கப்பல் தெற்கு நோக்கித் திரும்பி வரும் வழியில் கேப் ஃபாக்ஸ் என்னும் முனையில் ஒரு திலிங்கிட் ஊர் தென்பட்டது. கரையோரம் பலகை வீடுகள் வரிசையாக நின்றன. அவற்றின் முன் செதுக்கப்பட்ட உயர்ந்த கேதுருத் தூண்கள் கடலை நோக்கி நின்றன. மனித நடமாட்டம் இல்லை. பயணிகள் கரையேறினர். வீடுகளுக்குள் பெட்டிகளும் போர்வைகளும் செதுக்குப் பொருள்களும் இருந்தன. ஊர் கைவிடப்பட்டது என்று முடிவு கட்டினர். கப்பலின் ஆள்கள் தூண்களைச் சாய்த்துக் கயிறு கட்டி நீரில் இழுத்து வந்து ஏற்றினர். வேலை முடியும் வரையில் கர்ட்டிசு ஒளிப்படங்கள் எடுத்தார். தூண்களுக்கு முன்னே கோட்டும் தொப்பியும் அணிந்த விருந்தினர் அமர்ந்திருக்கும் அப்படம் இன்றும் கிடைக்கிறது. தூண்களும் பிற பொருள்களும் பின்னர் அமெரிக்காவின் பல்வேறு அருங்காட்சியகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பங்கிடப்பட்டன.

அத்தூண்களைக் குலக்குறித் தூண்கள் என்று மானிடவியலார் தமிழில் வழங்குவர். கழுகு, காகம், கரடி, திமிங்கிலம் முதலியன அவ்வக் குலங்களின் அடையாளங்கள். ஒரு குலத்தின் வரலாறு, அதன் உரிமைகள், இறந்த முன்னோரின் நினைவு ஆகியவை மரத்தில் எழுதப்பட்ட ஆவணம் அது. மாணவர்க்கு இதனை விளக்க யான் வேறெங்கும் செல்லவில்லை. நம் முன்னோர் வீரர்க்கு நடுகல் நட்டனர். மன்னர் காவல்மரம் போற்றினர். பகைவரின் கடம்பை வெட்டி முரசு செய்த இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. ஒரு மரத்தை வீழ்த்துவது ஒரு குலத்தை வீழ்த்துவதற்கு ஒப்பு என்பதை அச்சேரனும் அறிவான். அவனுடைய பகைவரும் அறிவர். ஆனால் அவன் அதனைப் போர் என்று அறிந்தே செய்தான். ஹாரிமனின் விருந்தினரோ அறிவியல் என்று எண்ணிச் செய்தனர்.

அவ்வூர் மக்கள் உண்மையில் எங்கே போயினர்? இங்குதான் என் தொழிலைச் சார்ந்த ஒருவர் இவ்வரலாற்றில் வருகிறார். வெள்ளையருடன் வந்த பெரியம்மையால் அக்கரையின் மக்கள் தொகை பலமுறை குறைந்திருந்தது. எஞ்சியோர், பிள்ளைகளுக்குப் பள்ளியும் வழிபாட்டிடமும் உள்ள ஓரிடத்தில் ஒன்றாகக் குடியேறலாம் என்று எண்ணினர். 1886ஆம் ஆண்டில் அப்புதிய ஊருக்கு இடம் தேடிச் சென்ற படகு புயலில் சிக்கிக் கவிழ்ந்தது. அதில் சென்று மாண்டவர்களுள் ஒருவர் சாமுவேல் சாக்ஸ்மன் என்னும் பள்ளி ஆசிரியர். 1890களில் மக்கள் கெச்சிகன் அருகே ஊர் அமைத்தபோது அதற்கு அவர் பெயரையே இட்டு, சாக்ஸ்மன் என்று அழைத்தனர். ஆகவே கேப் ஃபாக்ஸ் கைவிடப்பட்ட ஊர் அன்று. பிள்ளைகளின் படிப்புக்காகப் பெயர்ந்து சென்றவர்களின் பழைய ஊர். உரிமையாளர் உயிரோடு இருந்தனர். கடல்வழியே சென்று கேட்கக்கூடிய தொலைவில் இருந்தனர். கேட்கத்தான் எவரும் எண்ணவில்லை.

எவரும் என்று கூறிவிட்டால் மியூருக்கு அநீதி இழைத்தவனாவேன். அவர் அச்செயலை ஒப்பவில்லை. அதற்குக் காரணம் இருபது ஆண்டுகளுக்கு முற்பட்டது. 1879இல் சமயப் போதகர்கள் சிலருடன் அவர் ஒரு பழைய திலிங்கிட் ஊருக்குச் சென்றபோது, தொல்பொருள் ஆர்வம் மிக்க ஒருவர் தூணொன்றின் உருவத்தை அறுத்தெடுக்கச் செய்தார். உடன் வந்த கடாச்சன் என்னும் திலிங்கிட் தலைவர் மகன் அவரை நோக்கி, உங்கள் இடுகாட்டில் உங்கள் குடும்பத்து நினைவுக்கல்லை ஓர் இந்தியன் பெயர்த்தெடுத்துச் சென்றால் உமக்கு எப்படியிருக்கும் என்ற பொருள்படக் கேட்டார். மியூர் இதனைத் தம் நூலில் எழுதி வைத்துள்ளார். கேட்ட வினாவை அவர் மறக்கவில்லை. எனினும் 1899இல் அவர் விருந்தினர், கப்பல் வேறொருவருடையது. விருந்துண்ட இடத்தில் எதிர்த்துப் பேசுவது எல்லார்க்கும் எளிதன்று.

அக்காலத்து அறிஞர் பக்கம் நின்று ஒன்று கூறலாம். அக்கரையில் ஓயாத மழை. நட்ட தூண் ஒரு நூற்றாண்டு நிற்பதே அரிது. அருங்காட்சியகத்தில் வைத்தமையால்தானே அவை மிஞ்சின என்பர். இதனை யான் எளிதில் ஒதுக்கிவிடவில்லை. ஆயினும், ஒரு பொருள் மிஞ்சுவதும் அதற்குரியவரின் உரிமை மிஞ்சுவதும் ஒன்றல்ல. திலிங்கிட் மக்களோ தூண் சாய்ந்தால் சாயட்டும், மண்ணோடு மண்ணாகட்டும், காலம் வரும்போது புதிது நடுவோம் என்னும் கொள்கையினர். நாம் பிள்ளையாரைக் கரைத்து அடுத்த ஆண்டு மீண்டும் செய்வதுபோல என்று மாணவர்க்குக் கூறினேன், உடனே புரிந்துகொண்டனர்.

அதே 1899ஆம் ஆண்டின் கோடை முடிவில் இன்னொன்றும் நிகழ்ந்தது. சியாட்டல் நகர வணிகப் பெருமக்கள் சிலர் உல்லாசக் கப்பலில் சென்று, தோங்காஸ் என்னும் திலிங்கிட் ஊரிலிருந்து ஒரு பெருந்தூணை வெட்டியெடுத்து வந்து, அக்டோபரில் தம் நகரச் சதுக்கத்தில் நட்டுக் கொண்டாடினர். ஊரில் ஆள்கள் மீன்பிடிக்கச் சென்றிருந்த சமயம் அது. 1938இல் எவனோ அதற்குத் தீ வைத்துவிட, புதிய தூண் ஒன்றைத் திலிங்கிட் சிற்பியரே செதுக்கித் தர நேர்ந்தது. களவு போன தூணுக்குப் பதிலாகக் களவு கொண்ட நகருக்கே மறுபடி தூண் செய்து கொடுத்த அச்சிற்பியரின் பொறுமையை என்னென்பது!

இனி மற்றவற்றை விரைந்து கூறிச் செல்கிறேன். எல்டர் கப்பல் 1899 ஜூலை 30இல் சியாட்டல் திரும்பியது. செப்டம்பரில் ஏற்பட்ட பெரு நிலநடுக்கத்தில் மியூரின் பெயர் கொண்ட பனிப்பாறை நொறுங்கி, விரிகுடா பனிக்கட்டிகளால் அடைபட்டது. பல ஆண்டுகள் உல்லாசக் கப்பல்கள் நெருங்கவில்லை. 1918 அக்டோபரில், குளிர்காலத்துக்கு முன் தெற்கே செல்லும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'பிரின்சஸ் சோபியா' என்னும் கப்பல் அவ்வுள்வழியில் பாறைமேல் ஏறி நின்றது. உதவிக்கு வந்த படகுகள் சுற்றி நின்றும் அலைக்கு அஞ்சி நெருங்க இயலாமல், ஒன்றரை நாளுக்குப் பின் அது மூழ்கியது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; ஒருவரும் பிழைக்கவில்லை. 2007 அக்டோபரில் தியோமான் படகு தீப்பற்றி உயிர்கள் பறிபோன செய்தி வந்த நாளில் எங்கள் துறையில் நின்றவர்களுக்கு, கரை தெரியும் தூரத்தில் இறப்பது எத்தகைய கொடுமை என்று தெரியும். பனிப்பாறை விரிகுடா 1980இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இன்று நாளொன்றுக்கு இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்கள் மட்டுமே உள்ளே விடப்படுகின்றன. 1794இல் வாயிலை அடைத்து நின்ற பனி, இப்போது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. என் மாணவியின் தாயார் கண்டு அலறிய பனிமலை, அவர் பேரப்பிள்ளைகள் முதுமையடையும் காலத்தில் கடலைத் தொட்டுக்கொண்டிருக்குமோ என்பது ஐயமே.

தூண்களின் கதைக்கு வருவோம். 1990இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. பழங்குடி மக்களின் புனிதப் பொருள்களையும் முன்னோரின் எலும்புகளையும் வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள், உரியவர் கேட்டால் திருப்பித் தரவேண்டும் என்பது அதன் சாரம். சாக்ஸ்மன் மக்கள் கேட்டனர். 2001இல் ஹாரிமனின் பயண வழியையே மீண்டும் தொடர்ந்து ஆராய்வதற்காக அறிஞர் குழு ஒன்று வேறொரு கப்பலில் புறப்பட்டபோது, அதனை ஒட்டி, பல அருங்காட்சியகங்களில் இருந்த கேப் ஃபாக்ஸ் தூண்களும் பிற பொருள்களும் ஜூலைத் திங்களில் கெச்சிகன் துறையில் திருப்பி ஒப்படைக்கப்பட்டன. 102 ஆண்டு இடைவெளி. எடுத்துச் சென்றவரும் இல்லை, பறிகொடுத்தவரும் இல்லை. பேரரும் கொள்ளுப்பேரரும் துறையில் நின்று பாடி வரவேற்றனர்.

இச்செய்தியைப் படித்தபோது என் மனம் பத்தூருக்கும் சிறீபுரந்தானுக்கும் சென்றது. தஞ்சைப் பகுதியில் பத்தூரில் 1976இல் மண்ணுக்குள் கிடைத்த நடராசர் திருமேனி கடத்தப்பட்டு இலண்டன் சேர்ந்தது. பாழடைந்து கிடந்த அக்கோயிலின் சிவபெருமானே வழக்காடும் தகுதியுடையவர் என்று ஆங்கில நீதிமன்றம் ஏற்று, 1991இல் திருமேனி நாடு திரும்பியது. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலில் வழிபாடு நின்றுபோயிருந்த காலத்தில் களவு போன நடராசரை, ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கி வைத்திருந்தது. 2014 செப்டம்பரில் அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. களவு நடந்த விதத்தைப் பாருங்கள். கேப் ஃபாக்சில் ஆள் இல்லை. சிறீபுரந்தானில் விளக்கு இல்லை. ஆளும் விளக்கும் இல்லாத இடம் யாருக்கும் உரியதன்று என்னும் நினைப்பு உலகெங்கும் ஒன்றுபோல் இருக்கிறது.

எனக்கும் அதில் ஒரு சிறு பங்குண்டு. யான் பிறந்த தோட்டத்தில் லயங்களுக்குப் பின்னே ஒரு பெருமரத்தடியில் முனியாண்டி நின்றார். சிலை என்று சொல்ல முடியாது. ஒரு கல், இரண்டு வேல், ஒரு வெண்கல மணி. அம்மணி என் பாட்டனார் ஊரிலிருந்து வரும்போது தகரப்பெட்டிக்குள் துணியில் சுற்றிக் கொண்டு வந்தது என்பர். பால்மரங்களை அழித்து எண்ணெய்ப்பனை நட்ட காலத்தில் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதே எல்லாரும் கூறிய காரணம். எங்கள் குடும்பமும் அப்படித்தான் வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை சென்று பொங்கலிட்டு வருவதென்று பேச்சு. முதலாண்டு சென்றோம், எல்லாம் இருந்தன. இரண்டாமாண்டு கல் மட்டும் இருந்தது. எடுத்தவர் கெட்டவர் என்று என் தந்தையார் ஒரு சொல்லும் கூறவில்லை. "ஆளில்லை என்று நினைத்திருப்பார்கள்" என்று மட்டும் கூறிவிட்டுக் கற்பூரம் ஏற்றினார். கையால் தட்டித்தான் அன்று பூசை முடித்தோம்.

சாக்ஸ்மன் மக்கள் தூண்களைப் பெற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை. திருப்பித் தந்த அருங்காட்சியகங்களுக்குத் தங்கள் காட்டிலிருந்து கேதுரு மரங்களை அளித்தனர். சிகாகோ நகரின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்குக் கிடைத்த மரத்தை, நேதன் ஜாக்சன் என்னும் திலிங்கிட் சிற்பியும் அவர் மகனும் புதிய தூணாகச் செதுக்கினர். 2007இல் அது அங்கே நாட்டப்பட்டது. பழைய தூண் எடுக்கப்பட்டது, இது கொடுக்கப்பட்டது. மேசைமேல் உள்ள சிறு தூணைக் காட்டி இவ்விடம் வரை மாணவர்க்குக் கூறியபோது, ஐந்தாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன், "நம் மணி கிடைத்ததா, ஐயா?" என்று கேட்டான். இல்லை என்றேன். மலாக்காவிலும் பினாங்கிலும் பழம்பொருட் கடைகளின் வழியே செல்ல நேர்ந்தால் யான் உள்ளே நுழைந்து வெண்கல மணிகளின் விளிம்பைத் தடவிப் பார்ப்பது வழக்கம். எங்கள் மணியில், கைப்பிடிக்கு நேர்கீழே, அரை விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு உண்டு.